விளம்பரம் மூன்று மடங்கு, வாடிக்கையாளர் அதே 400: தடை எங்கே இருக்கிறது?

#1 ஊதியக்கணக்கன்

சிறு நிறுவனங்களுக்கான சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றை மாதச் சந்தாவுக்குக் கொடுத்து வருகிறோம். நிரல் எழுத மூன்று பேர், வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இரண்டு பேர், எல்லாவற்றிலும் தலையிட நான்.

ஓராண்டுக்கு முன் எங்களிடம் 400 வாடிக்கையாளர்கள். மாதம் 20 பேர் வருவார்கள், 20 பேர் போவார்கள். எண்ணிக்கை நகராமல் நிற்கிறதே என்று விளம்பரச் செலவை ஏறக்குறைய மூன்று மடங்காக்கினேன். மாதம் 40 பேர் வரத் தொடங்கினார்கள். மூன்றே மாதத்தில் 455ஐத் தொட்டோம். அப்போது என் கால் தரையில் படவில்லை. பிறகு மெல்ல இறங்கி, இன்று மீண்டும் 400. கைக்காசு கரைந்ததுதான் மிச்சம்.

"இந்தச் சந்தையே இவ்வளவுதான், நிரம்பிவிட்டது" என்கிறார் என் கூட்டாளி. விளம்பரம் இன்னும் போதவில்லை என்பது என் எண்ணம். ஒன்றின் விளைவே திரும்பி வந்து அதையே கூட்டுவதோ குறைப்பதோ, அந்தப் பின்னூட்டச் சுழல்களைப் பற்றி இங்கே அடிக்கடி பேசுகிறீர்கள். அந்த வட்டங்களை வரைந்தால் எனக்கு ஏதாவது விடை கிடைக்குமா?

#2 பென்சில்

வட்டம் அப்புறம் வரையலாம். முதலில் தொட்டிக் கணக்கு.

உங்கள் வாடிக்கையாளர் எண்ணிக்கை ஒரு தொட்டியில் நிற்கும் தண்ணீர். மேலே ஒரு குழாய், மாதம் 20. கீழே ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக இருப்பதில் ஒரு பங்கு போகிறது. 400இல் 20 என்றால் நூற்றுக்கு 5. தண்ணீர் ஏற ஏற வெளியேறுவதும் ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் மட்டம் நின்றுவிடும். 20ஐ 0.05ஆல் வகுத்தால் 400. அதாவது உங்கள் பழைய 400 என்ற எண் சந்தையின் அளவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அது உங்கள் குழாய்க்கும் ஓட்டைக்கும் இடையே ஏற்பட்ட சமாதானம்.

இப்போது குழாயை 40 ஆக்கினீர்கள். ஓட்டை அதே அளவில் இருந்திருந்தால் மட்டம் 800ஐ நோக்கி ஏறியிருக்கும். உடனே போய்ச் சேராது, பாதி தூரத்துக்கே 14 மாதம் பிடிக்கும். ஆனாலும் 12 மாதத்தில் 580ஐத் தாண்டியிருக்க வேண்டும். நீங்கள் 400இல் நிற்கிறீர்கள். வருவது 40, மட்டம் 400 என்றால் இப்போது மாதம் போவது நூற்றுக்கு 10. ஓட்டை இரண்டு மடங்காகியிருக்கிறது.

கூட்டாளிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சந்தை நிரம்பினால் முதலில் வற்றுவது மேல்குழாய். 1838இலேயே பெல்ஜியக் கணிதர் வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகைக்கு எழுதிய சமன்பாட்டிலும், 1969இல் ஃபிராங்க் பாஸ் புதுப் பொருள்களின் விற்பனைக்கு எழுதியதிலும், இனி சேர்வதற்கு மிச்சமிருப்பவர்கள் குறையக் குறைய வரத்து குறையும். உங்களிடம் வரத்து அப்படியே இருக்கிறது, வெளியேற்றம்தான் கூடியிருக்கிறது. இது வேறு நோய்.

மூன்று விவரம் வேண்டும். ஒன்று, வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் போக எவ்வளவு நேரம், ஓராண்டுக்கு முன்பும் இப்போதும்? இரண்டு, புதிதாக வருபவர்களில் எத்தனை பேர் இன்னொரு வாடிக்கையாளர் சொல்லி வந்தவர்கள்? மூன்று, பதில் நேரம் குறித்து நீங்கள் ஏதாவது வாக்குறுதி கொடுத்திருந்தீர்களா, அது இப்போதும் அப்படியே இருக்கிறதா?

#3 ஐயப்பாடு

வந்தேன். வழக்கம்போல எதிர்க்கட்சி.

சுழல் படங்களில் எனக்குள்ள குறை பழையதுதான்: நடந்து முடிந்த எதையும் நான்கு அம்புக்குறிகளால் விளக்கிவிடலாம். வளர்ந்தால் பெருக்கும் சுழல், நின்றால் அடக்கும் சுழல், இரண்டும் இல்லையென்றால் "தாமதம்". தோற்கவே முடியாத கோட்பாடு எனக்குச் சோதிடத்தை நினைவுபடுத்துகிறது.

ஓட்டை பெரிதானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது கூட்டல் கழித்தல். ஆனால் ஏன்? பென்சிலார் கேட்கும் மூன்று கேள்விகளைப் பார்த்தாலே அவர் போகும் திசை தெரிகிறது: கூட்டம் கூடியது, சேவை கெட்டது, ஆட்கள் ஓடினார்கள். இதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. விளம்பரத்தை மூன்று மடங்காக்கினால் முதலில் வருபவர்கள் தேவை உள்ளவர்கள்; பிறகு வருபவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்கள் இரண்டு மாதத்தில் போய்விடுவார்கள். சேவைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைச் சோதிக்கலாம். விலகியவர்களை இரண்டாகப் பிரியுங்கள்: விளம்பரம் கூடுவதற்கு முன் சேர்ந்தவர்கள், பின் சேர்ந்தவர்கள். பழையவர்கள் பழைய வேகத்திலேயே போகிறார்கள் என்றால் நான் சொல்வது சரி. அவர்களும் வேகமாகப் போகிறார்கள் என்றால் பென்சில் சொல்லப்போவது சரி.

#4 வரிசைக்காரி

தொலைபேசிச் சேவை மையங்களில் ஆள் திட்டமிடுவதுதான் என் வேலை. இந்தக் கதையில் எல்லோரும் தவறவிடும் இடத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

"எங்கள் ஆட்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, கூடுதலாகத் தாங்குவார்கள்" என்று முதலாளிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். வேலைப்பளுவும் காத்திருப்பும் கைகோத்து ஏறுவதில்லை. டென்மார்க்கில் எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து தெரிந்த விஷயம் இது. ஒரே ஆள், கேள்விகள் தாறுமாறாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் நேரமும் முன்பின்னாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தம் நேரத்தில் 80 விழுக்காடு வேலையாக இருந்தால், வரிசையில் சராசரிக் காத்திருப்பு ஒரு கேள்வியை முடிக்கும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90 விழுக்காடு என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. பளு 80இலிருந்து 95க்கு ஏறியதற்குக் காத்திருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. ஆள் இரண்டானால் எண்கள் கொஞ்சம் இறங்கும், வளைவின் வடிவம் அதேதான்.

இன்னொன்று. சம்பள மென்பொருள் என்கிறீர்கள். மாதக் கடைசி ஐந்து நாளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். மாதச் சராசரியை எனக்குக் காட்ட வேண்டாம். சராசரி ஆழம் முழங்கால் அளவு என்ற ஆற்றில்தான் ஆள் மூழ்குகிறான்.

#5 ஊதியக்கணக்கன்

நேற்று இரவு முழுக்க இதே வேலை. எண்களைப் போடுகிறேன்.

ஐயப்பாடு கேட்ட பிரிவு: இப்போதுள்ள 400இல் பாதி பழையவர்கள், பாதி புதியவர்கள், ஏறக்குறைய சரிபாதி. சென்ற மாதம் விலகிய 40 பேரில் பழையவர்கள் 16, புதியவர்கள் 24. நூற்றுக்குக் கணக்கிட்டால் பழையவர்கள் 8, புதியவர்கள் 12. ஓராண்டுக்கு முன் எல்லோரும் சேர்ந்தே 5தான்.

பதில் நேரம்: ஓராண்டுக்கு முன் சராசரி நான்கு மணி நேரத்துக்குள். இப்போது சராசரி ஒன்பது மணி நேரம். இதைப் பார்த்து "அவ்வளவு மோசமில்லையே" என்று நினைத்தேன். பிறகு வரிசைக்காரி சொன்னபடி கடைசி ஐந்து நாளைப் பிரித்தேன். 31 மணி நேரம். சம்பள நாளன்று காலையில் கேள்வி கேட்டவருக்குச் சம்பளம் போட்டு முடித்த மறுநாள் பதில் போயிருக்கிறது.

விலகியவர்கள் எழுதிய காரணங்களை இதுவரை நான் படித்ததே இல்லை. பெட்டியில் தேதி வாரியாகக் கிடந்தன. மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்த ஒருவர் எழுதியது: "உங்கள் மென்பொருளில் குறை ஒன்றும் இல்லை. மாதக் கடைசியில் மட்டும் நீங்கள் ஊரில் இருப்பதில்லை."

பரிந்துரை: முன்பு வந்த 20 பேரில் 8 பேர் யாரோ சொல்லி வந்தவர்கள். இப்போது வரும் 40 பேரில் 5.

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் இணையதளத்தில் "நான்கு மணி நேரத்துக்குள் பதில்" என்று இருந்தது. ஏழாவது மாதத்தில் நானேதான் அதை "ஒரு வேலை நாளுக்குள்" என்று மாற்றினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற உறுத்தலில் செய்தது. நேர்மையான காரியம் என்றுதான் அன்று நினைத்தேன்.

#6 ஐயப்பாடு

எனக்குப் பாதி மதிப்பெண். புதியவர்கள் வேகமாகப் போகிறார்கள், நான் சொன்னது போல. பழையவர்களும் வேகம் பிடித்திருக்கிறார்கள், நான் சொல்லாதது போல. சோதனை நான் வைத்தது, எனவே முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறேன்.

#7 பென்சில்

அந்தப் பரிந்துரை எண்ணை யாரும் கடந்து போய்விட வேண்டாம். விலகல் கணக்கைவிட அதுதான் எனக்குப் பெரிய செய்தி.

உங்களிடம் இருந்த பெருக்கும் சுழல் ஒன்றே ஒன்று: மகிழ்ச்சியான வாடிக்கையாளர் இன்னொருவரிடம் சொல்கிறார், அவர் வருகிறார், அவரும் சொல்கிறார். அன்று 400 பேர் மாதம் 8 பேரைக் கூட்டி வந்தார்கள். இன்றும் அதே 400 பேர், ஐவரைத்தான் கூட்டி வருகிறார்கள். எஞ்சிய 35 பேர் காசு கொடுத்து அழைத்தவர்கள். விளம்பரம் சுழல் ஆகாது. அது வெளியிலிருந்து தண்ணீர் இறைப்பது. இறைப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். நீங்கள் இறைக்கிற வேகத்தில் உள்ளே இருந்த ஊற்று தூர்ந்துகொண்டிருக்கிறது.

இனி வாக்குறுதியை மாற்றிய கதை. இதற்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி கட்டிக்கொண்டிருந்த ஜே ஃபாரஸ்டர் 1956இல் அங்கேயே மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். ஜெனரல் எலக்ட்ரிக் ஆட்கள் ஒரு புதிரைக் கொண்டுவந்தார்கள்: கென்டக்கியில் உள்ள வீட்டுச் சாதனத் தொழிற்சாலைகளில் சில ஆண்டுகள் ஷிப்டு மேல் ஷிப்டு ஓடுகிறது, சில ஆண்டுகள் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பொருளாதாரம் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபாரஸ்டர் அவர்கள் எப்படி ஆள் எடுக்கிறார்கள், சரக்கிருப்பை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, ஒரு நோட்டுத்தாளில் இருப்பு, ஆட்கள், ஆர்டர் என்று கட்டம் போட்டு வாரம் வாரமாகப் பென்சிலால் கணக்கிட்டார். ஆர்டர் நிலையாகவே இருந்தாலும் ஆட்களின் எண்ணிக்கை ஊசலாடியது. அலை உள்ளேயிருந்தே வந்தது. கணினி கட்டிய மனிதர் பென்சிலால் கண்டுபிடித்தார் என்பதால்தான் எனக்கு இந்தப் பெயர்.

அவர் 1968இல் எழுதிய கட்டுரை உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். புதுப் பொருள், நல்ல தேவை, விற்பனையாளர்கள் சேரச் சேர ஆர்டர் கூடுகிறது. உற்பத்தித் திறன் பின்தங்குகிறது, பொருள் போய்ச் சேரத் தாமதமாகிறது, தாமதத்தால் ஆர்டர் குறைகிறது. குறைந்ததும் தாமதமும் குறைகிறது, "திறன் போதும்" என்று தோன்றிவிடுகிறது. இதில் தீர்மானமாக இருப்பது ஒரே ஒரு விஷயம்: எவ்வளவு தாமதம் சரி என்பதை நிர்வாகம் எதைக்கொண்டு முடிவு செய்கிறது? மாறாத ஓர் அளவை வைத்திருந்தால், அதை மீறும் ஒவ்வொரு முறையும் திறனைக் கூட்டத் தோன்றும், நிறுவனம் வளரும். சென்ற ஆண்டு எவ்வளவு ஆனதோ அதுவே இந்த ஆண்டின் அளவு என்றால், எந்தத் தாமதமும் சீக்கிரம் "வழக்கமானது" ஆகிவிடும்; திறன் கூடாது, நிறுவனம் தேங்கிப் பிறகு சரியும். சந்தையில் தேவை வரம்பில்லாமல் இருந்தாலும் இதுதான் நடக்கும்.

ஏழாவது மாதம் நீங்கள் மாற்றிய அந்த ஒரு வரியால் அபாய மணியின் நாக்கை அறுத்துவிட்டீர்கள். 31 மணி நேரம் என்ற எண் அதற்குப் பிறகு யாரையும் உறுத்தவில்லை.

#8 ஓரமாய்_ஒருவன்

இடையில் ஒரு சின்னச் சந்தேகம். அடக்கும் சுழலை எதிர்மறைப் பின்னூட்டம் என்றும் சொல்கிறார்களே, அப்படியென்றால் கெட்டது என்று பொருளா? பதிவுக்குக் கீழே திட்டி எழுதுவதைத்தான் இத்தனை நாள் அப்படி நினைத்திருந்தேன்.

#9 வரிசைக்காரி

இல்லை. மாற்றம் வந்த திசைக்கு எதிர்த்திசையில் தள்ளுவது எதிர்மறை. நீராவி எந்திரத்தில் வாட் 1788இல் பொருத்திய வேகக் கட்டுப்படுத்தி அப்படிப்பட்டது. வேகம் கூடினால் நீராவியைக் குறைக்கும். அது இல்லாவிட்டால் எந்திரம் கட்டுமீறி ஓடும். திட்டி எழுதுவது பல சமயம் பெருக்கும் சுழல், இந்தத் தளத்தின் பழைய இழைகளில் பாருங்கள்.

#10 ஐயப்பாடு

பென்சில், ஃபாரஸ்டரைத் தொடர்ந்து அடுத்து பீப்பிள் எக்ஸ்பிரஸ் வரும் என்று தெரியும். நானே கொண்டுவந்துவிடுகிறேன். 1981இல் நியூவார்க்கிலிருந்து பறக்கத் தொடங்கிய மலிவு விமான நிறுவனம். காட்டுத்தீ போல வளர்ந்தது. 1987 பிப்ரவரியில் அந்தப் பெயரே இல்லை, கான்டினென்டல் விமான நிறுவனத்தோடு கரைந்துவிட்டது. சுழல்காரர்கள் சொல்வது: விமானங்களும் பயணிகளும் பெருகிய வேகத்துக்கு ஊழியர்களைப் பழக்க முடியவில்லை, சேவை கெட்டது, தன் வளர்ச்சியே தன்னை விழுங்கியது.

நல்ல கதை. ஆனால் 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ன செய்தது? ஒவ்வொரு விமானத்திலும் எத்தனை இருக்கையை மலிவாக விற்கலாம் என்று கணினியில் கணக்கிட்டு, இவர்களுக்கு ஈடான கட்டணத்தை அறிவித்தது. அதே ஆண்டு இவர்கள் ஃபிரன்டியர் என்ற விமான நிறுவனத்தை வாங்கிச் சுமையை ஏற்றிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த அடியை விட்டுவிட்டு உள்சுழலை மட்டும் பேசினால் பாடம் பிசகும். ஊதியக்கணக்கன், உங்களுக்குப் போட்டியாளர் யாராவது இந்த ஆண்டு விலையைக் குறைத்தார்களா?

#11 ஊதியக்கணக்கன்

இல்லை, ஒருவர் ஏற்றினார்.

ஒன்று கேட்க வேண்டும். எட்டாவது மாதத்தில் பதில் சொல்ல மூன்றாவது ஆளை எடுத்தேனே. அதற்குப் பிறகும் ஏன் சரியாகவில்லை? அந்த மாதமும் அடுத்த மாதமும் இன்னும் மோசமாகியது. கோபத்தில் அவரை அனுப்பிவிட்டேன்.

#12 பென்சில்

அனுப்பிவிட்டீர்களா! ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற கணினி இயங்குதளத் திட்டத்தை நடத்திய புரூக்ஸ் 1975இல் எழுதியதுதான்: தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்? ஏற்கெனவே மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும் உங்கள் இரண்டு பேர். வரிசைக்காரியின் வளைவில் 95இல் நிற்பவரிடமிருந்து அரை நாளைப் பிடுங்கினீர்கள். பலன் வரும் முன் செலவு வரும். தாமதம் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஐயப்பாடு சிரிக்கிறார், ஆனால் அந்த இரண்டு மாதத்தைக் கடக்கப் பொறுமை இருந்திருந்தால் மூன்றாவது மாதத்தில் அவர் உங்களைத் தாங்கியிருப்பார்.

#13 வரிசைக்காரி

ஆள் எடுப்பது ஒரு வழி. அதற்கு முன் கேள்வியைக் குறைக்கப் பாருங்கள். எந்தக் கேள்வி அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். கேள்வி வராமலே போனால் அதற்கு வரிசையும் இல்லை. நடுவில் விளம்பரத்தைக் குறைத்துவிடுங்கள், பயப்படாதீர்கள்.

#14 ஊதியக்கணக்கன் (மூன்று மாதம் கழித்து)

இழை அடியில் போய்விட்டது, மேலே இழுக்கிறேன்.

கேள்விகளை எண்ணினோம். ஐந்தில் ஒன்று ஒரே கேள்வி: மாத நடுவில் சேர்ந்த ஊழியருக்குச் சம்பளம் ஏன் குறைவாகக் காட்டுகிறது? கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, திரையில் எத்தனை நாளுக்கு என்று எழுதவில்லை. ஒரு வரி சேர்த்தோம். கேள்வி நின்றுவிட்டது. மூன்று ஆண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த கேள்வி!

விளம்பரத்தைப் பாதியாகக் குறைத்தோம். மாதக் கடைசி ஐந்து நாள் நிரல் எழுதுபவர்களும் பதில் சொல்ல உட்காருகிறார்கள். முதல் மாதம் முகம் சுளித்தார்கள்.

முதல் மாதம்: 24 பேர் வந்தார்கள், 38 பேர் போனார்கள். மொத்தம் 386. கூட்டாளி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இரண்டாம் மாதம் 23 வரவு, 28 விலகல், 381. மூன்றாம் மாதம் 25 வரவு, 20 விலகல், மீண்டும் 386. பரிந்துரையால் வந்தவர்கள் 5, 5, 6.

#15 ஐயப்பாடு

மூன்று மாதம் போதாது. இரண்டு காரியத்தை ஒரே நேரத்தில் செய்துவிட்டீர்கள், எது வேலை செய்தது என்று இனிப் பிரிக்க முடியாது. விளம்பரம் குறைந்ததால் வேடிக்கைக் கூட்டம் குறைந்து விலகலும் குறைந்திருக்கலாம், அது என் கட்சி. பழையவர், புதியவர் பிரிவை இந்த மாதங்களுக்கும் போடுங்கள்.

20 விலகல் நல்ல எண், அதை மறுக்கவில்லை.

#16 பென்சில்

381இல் 20 என்றால் நூற்றுக்கு 5.2. வரவு 25. மட்டம் 475க்கு அருகில் போய் நிற்கும். அதற்குமேல் போக வேண்டுமானால் அந்தப் பரிந்துரை எண் ஏற வேண்டும், அது கடைசியாகத்தான் ஏறும். கெட்ட பெயர் பரவிய வேகத்தில் நல்ல பெயர் திரும்பாது. விளம்பரத்தின் மீது இன்னும் கொஞ்ச நாள் கை வைக்காதீர்கள்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். இணையதளத்தில் அந்த வரி இப்போது என்ன சொல்கிறது?

#17 ஊதியக்கணக்கன்

ஐயப்பாடு ஐயா, பழையவர்கள் சென்ற மாதம் 165இல் 7 பேர் போனார்கள். நூற்றுக்கு 4க்குச் சற்று மேல். மீதி 13 பேர் புதியவர்கள்.

பென்சில் ஐயா, "நான்கு மணி நேரத்துக்குள் பதில்" என்று திரும்ப மாற்றிவிட்டோம். சென்ற மாதக் கடைசியில் ஆறு மணி நேரம் ஆனது. மூன்று பேர் அந்த வரியைப் படம்பிடித்து அனுப்பி, இது என்ன என்று கேட்டார்கள். வரியை அப்படியே விட்டிருக்கிறேன். வரும் திங்கள்கிழமை மூன்றாவது ஆள் சேருகிறார். நான் அனுப்பிய அதே ஆள்தான், கேட்டவுடன் வருகிறேன் என்றார்.